கச்சிதமாகப் பொருந்திய கேபிள்

பக்கத்தில் பெருநகர் என்ற ஊரில் கல்யாண வீடியோ எடுப்பவர் அவர். செத்துப்போன கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு உத்திரமேரூரில் என் ரிப்பேர் கடைக்கு வந்தார். எந்த ஒயரைக் கண்டாலும் சுருட்டி வைக்கிற கை. தானே புது பவர் சப்ளை மாட்டியவர், அதோடு வந்த கேபிளை விட்டு, வேறு கம்பெனியின் பழைய கேபிளையே சொருகியிருந்தார். பலருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போன விஷயம்.

"கரெக்டா போய் உக்காந்துச்சே சார்?"

"உக்காரும்ணா. கம்பெனிக்குக் கம்பெனி உள்ள ஒயர் வரிசை வேற. கரண்டு மாறிப் பாஞ்சி ஹார்ட் டிஸ்க் எரிஞ்சிபூடுச்சு."

"அதுல ஒரு பொண்ணு கல்யாணம் கீது. வீடியோ இன்னும் குடுக்கல. அவ நைனா போன வாரம் தவறிப் பூட்டாரு."

கத்திரிக்கோல் கேட்டு வாங்கி, கேபிளின் முனையை நறுக்கினார்.

"வேற எவனாவது எடுத்து சொருகிடப் போறான்."

நறுக்கிய கேபிளையும் அழகாகச் சுருட்டி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஒன்றுக்கும் உதவாத அந்தச் சுருளைக் குப்பையில் போட எனக்கு இன்னும் மனசு வரவில்லை.