அக்காவின் தட்டுக்கு வந்த ரசிகர்கள்

இன்று காலை பாம்பனில் எங்கள் வீட்டுக்கு மெட்ராஸிலிருந்து இளந்தாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். அறுபதுகளில் பெண்கள் பாடிய பாப் பாட்டு இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்களாம்.

என் அக்கா கொழும்பில் இருந்த காலத்தில் பாடிய தட்டு ஒன்று அவர்கள் கையில் இருந்தது. அதில் கையெழுத்து வேண்டுமாம்.

அக்கா நல்ல சேலை மாற்றிக்கொண்டு வந்து உறையில் கையெழுத்துப் போட்டாள். ஒருவன் அந்த உறையை மோந்து பார்த்து, "பழைய வாசம்!" என்று கண்ணை மூடினான். கருவாட்டை மோந்தாலாவது அர்த்தம் உண்டு.

"வீட்டுல போட்டுக் கேப்பீகளா தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

"ஐயோ, கீறல் விழுந்துரும் பாட்டி."

"அப்ப நானே பாடுறேன்" என்று அக்கா தொண்டையைச் செருமினாள்.

"வேணாம் பாட்டி. அந்தப் பழைய குரலே எங்க மனசுல இருக்கட்டும்."

அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"ஏலே, அதுல பாடுனவ இவதாம்லே! எந்திரிச்சுப் போங்க" என்று விரட்டினேன். தட்டைப் பச்சைப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு போனார்கள். த்தூ!

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேசப் போன்தான் இதை எழுதிக்கொள்கிறது. இப்போது பக்கத்தில் அக்கா மீன் லாலலா லல்லா கழுவிக்கொண்டே பாட லாலலா ஆரம்பித்துவிட்டாள்.

அவள் பாட்டும் நடுவில் விழுந்திருக்கிறதா என்று படித்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். விழுந்திருந்தாலும் அழிக்கப்போவதில்லை. கீறல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.