ரோமாபுரிச் சதுக்கத்தில் வெறுங்காலோடு

1981 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ரோமாபுரியின் பழைய சதுக்கத்துக்குள் நுழைந்தோம். பாலக்கரைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒன்பதாம் வகுப்புக்கு நான் கரும்பலகையில் வரைந்து காட்டும் சதுக்கம். அதன் மேற்குக் கோடியில், தலைவர்கள் ஊரைக் கூட்டிப் பேசிய கல் மேடை இருக்கிறது. அதன் முன்னால் ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். நான் வந்ததே அதற்குத்தான்.

எங்கள் மாதாகோயில் யாத்திரைக் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்ததால் கூடவே வந்தவர் கோதை. எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர், ஸ்ரீரங்கத்துக்காரர்.

கிழக்கு வாசலின் கல் வளைவைத் தாண்டியதும் ஒரு கோயில் இடிபாடு. கோதை செருப்பைக் கழற்றித் தூணடியில் ஜோடியாக வைத்தார்.

“உள்ள ஒண்ணுமே இல்லையே டீச்சர்!”

“இல்லேன்னா என்ன, கோயில் கோயில்தானே? திரும்பி வரச்சே எடுத்துண்டா போச்சு.”

ஸ்ரீரங்கத்தில் அப்படித்தான். செருப்பை விட்ட வாசலுக்கே திரும்பி வந்து மாட்டிக்கொள்வார்கள். இங்கேயும் அப்படியே என்று நானும் நினைத்துவிட்டேன்.

தூண் தூணாகப் பார்த்து நடந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. பதினொன்றே முக்காலுக்கு, எங்களை அழைத்து வந்த ஃபாதர் கையைத் தட்டினார்.

“பன்னண்டுக்கு பஸ் கிளம்பிடும். மேற்குப் பக்கம் நிக்குது, எல்லாரும் இப்படியே போயிடுங்க.”

செருப்போ கிழக்கே, ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். மேடை மேற்கே. கருங்கல் பாதை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. கோதை கொண்டுவந்ததும் அந்த ஒரே ஜோடிதான். எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன்? ஆனாலும் அவரை அப்படி விட மனம் வரவில்லை.

“வாங்க, ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடலாம்.”

“அப்புறம் உங்க மேடை?” என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் மேற்கே தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

மேடையில் மிச்சம் இருந்தது சிதைந்த சுவர்தான். கோதை அதற்கெதிரே நிழல் பார்த்துச் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

“பாடத்தை நடத்துங்கோ டீச்சர். அஞ்சு நிமிஷம் இருக்கு.”

நடத்தினேன். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று, தமிழ் ஓர் எழுத்தும் புரியாமல், கடைசிவரை நின்று கேட்டுவிட்டுக் கைதட்டியது.

பஸ்ஸில் எல்லோரும் செருப்பு எங்கே என்று விசாரித்தார்கள்.

“இங்கதான் இப்ப ராஜா யாரும் இல்லையே. என் பாதுகை ஆளட்டும்” என்றார் கோதை. பஸ்ஸே சிரித்தது.

ஜூனில் பள்ளி திறந்தது. அந்தப் பாடம் வந்தபோது வழக்கம்போல் வளைவு, கோயில், மேடை எல்லாம் வரைந்தேன். கோயில் தூணடியில் ஒரு ஜோடி செருப்பையும் வரைந்தேன்.