ஆறு பேர் சஹன்

சாய்ந்தமருதில் என் போட்டோகொப்பிக் கடைக்கு நேர் எதிரே ஜவாதின் அலுமினியம் பட்டறை. யன்னல், கதவு, கடைத் தடுப்பு எல்லாம் செய்வார்கள். வேலைக்கு ஐந்து பேர். பெரியநீலாவணையிலிருந்து வரும் பிரசாந் உட்பட ஐவரும் அவரைக் ‘காக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள், வீட்டு மூத்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல.

பகலில் சஹன் என்ற பெரிய வட்டத் தட்டை நடுவில் வைத்து, கொண்டுவந்த சோற்றுப் பார்சல்களை ஒன்றாகக் கொட்டி, ஜவாதோடு ஆறு பேராகச் சுற்றியிருந்து சாப்பிடுவார்கள். எங்கள் கல்யாண வீடுகளிலும் சஹனுக்கு ஆறு பேர்தான் கணக்கு. பிரசாந் இருப்பதால் மாட்டிறைச்சி அந்தச் சஹனுக்கு வரக்கூடாது என்பது ஜவாத் போட்ட சட்டம். அந்த அரை மணி நேரத்தில் யாருடைய மனைவிக்குக் காய்ச்சல், யாருடைய கூரை ஒழுகுகிறது, யார் யாரோடு கோபம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். ஆட்களை வைத்து வேலை வாங்க அதற்கு மேல் ஒரு வித்தையும் தேவையில்லை. தன் கையில் இருப்பது அதுதான் என்று அந்த மனுசனுக்கு விளங்கவில்லையே என்பதுதான் என் எரிச்சல்.

இரண்டு வருடத்துக்கு முன் கல்முனையில் வியாபாரிகளுக்கு ஒரு முகாமைத்துவப் பயிற்சி நடந்தது. நானும் போனேன், பகல் புரியாணிக்காக. கோட் போட்ட ஒருவர், முதலாளி தொழிலாளரிடமிருந்து நாலடி தள்ளி நிற்க வேண்டும் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். நான் வயிறு நிறைந்து வந்தேன். ஜவாத் அந்த நாலடியோடு வந்தார்.

மறு வாரமே பட்டறை மூலையில் ஒரு கண்ணாடி அறை எழும்பியது. அளந்து, அறுத்து, பொருத்தியவர்கள் அதே ஐவர். ‘காக்கா’ போய், ஆபீஸ் பெரியவர்களைக் கூப்பிடும் ‘சேர்’ வந்தது. ஜவாத் அறைக்குள் தனியே சாப்பிட்டார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை, ஒருவரும் பிந்தி வரவில்லை, வேலையும் ஒழுங்காக நடந்தது. பிறகு ஹாதிக் என்ற நடுவயதுக்காரர் வேலைக்குச் சேர்ந்தார். சஹனில் ஓர் இடம் காலியாக இருந்தது, அவர் அதில் அமர்ந்துகொண்டார்.

போன மாதம் ஜவாத் ஏதோ பத்திரம் கொப்பி எடுக்க வந்தார்.

“பிரசாந்துட மகளப் பாத்தீங்களா? வடிவான புள்ள,” என்று சும்மா கேட்டேன்.

“மகளா? எப்ப புறந்த?”

“நாப்பது நாளாச்சி.”

பிரசாந்தின் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கார் ஓட்டியவர் ஜவாத்.

“எனக்கிட்ட ஒருத்தனும் செல்லல்லியே,” என்றார் அவர். “சலாம் செல்றானுகள், குட்மோர்னிங் செல்றானுகள். அதுக்கு மேல ஒரு கதையும் இல்ல. நாளைக்கு நான் அவனுகளோடயே இரிந்து தின்னப் போறன்.”

எனக்குப் பாவமாகவும் இருந்தது, ‘நல்லா வேணும்’ என்றும் இருந்தது.

மறுநாள் பகல், என் கடை யன்னலுக்குக் கண்ணாடி அளவு கொடுக்க நான் அங்கே நின்றேன். சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து சோற்றில் கை வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஜவாத் பார்சலோடு வெளியே வந்தார். அவர் எங்கே அமர்வது என்று பார்ப்பதற்குள் ஆறு பேரும் எழும்பிவிட்டார்கள்.

“இரிங்க சேர்,” என்றார் ஹாதிக், பாயைத் தட்டிவிட்டு. “நீங்க தின்னுங்க, நாங்க மறுகா தின்றம்.”

அதில் குத்தல் எதுவும் இல்லை, உண்மையான மரியாதைதான். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. ஜவாத் பாயில் அமர்ந்தார். ஆறு பேர் சஹனில் தன் பக்கத்துச் சோற்றை மட்டும் இரண்டு வாய் அள்ளித் தின்றார். மற்றவர்கள் சோறு காயும் கையோடு சுவரோரம் நின்றார்கள்.

ஜவாத் தலை நிமிராமல் சொன்னார்.

“இனி என்னக் காக்கா எண்டே கூப்பிடுங்க.”

“ஓம் சேர்,” என்றான் பிரசாந்.