கறுப்பு ஸ்கிரீன் லினக்ஸ் போட்ட கதை

டைப்செட்டிங் கடை நடத்தும் அக்காவுக்கு ஒரு தம்பி. கிடங்கு ஒன்றில் வந்த சரக்கையும் போன சரக்கையும் கணினியில் ஏற்றுவது அவன் வேலை. ஆனால் நடையைப் பார்த்தால் உலகத்துக் கணினிகளெல்லாம் அவன் கண்ணசைவுக்குக் காத்துக் கிடப்பதாகத் தோன்றும். எந்நேரமும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பான். மவுஸைத் தொடுகிறவர்களை, குளிக்காமல் வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். ‘கறுப்பு ஸ்கிரீன்’ என்று பேர் வைத்தது அக்காவின் கணவர். அதற்கும் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்காவின் கடை டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. மூன்று பள்ளிகளுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. தாள் கசிந்தால் ஒப்பந்தம் போச்சு என்பதால் அந்தக் கணினிக்கு இணையம் கிடையாது. வயரை அக்காவே வெட்டிப் போட்டிருந்தாள். உள்ளே வருகிறவர்கள் போனை வாசலில் வைத்துவிட்டுத்தான் வரவேண்டும். மாமியார் வந்தாலும் அதே சட்டம்.

தேர்வு நெருங்கும் நேரத்தில் கணினி இழுத்துக்கொண்டு கிடந்தது. தம்பிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

“விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டா பறக்கும்க்கா. நெட் இல்லாம போடுறதுக்கு ஒரு தனி மூளை வேணும்.”

ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினான். லினக்ஸ், அதற்கு வேண்டிய மென்பொருள்கள், பிரிண்டருக்கானது என்று எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தான். அதில் குறைசொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டாயா என்று அக்கா கேட்டதற்கு, வினாத்தாள் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன, தனக்கே பாடம் நடத்த வேண்டாம் என்றான். பிறகு விசிலடித்துக்கொண்டே பழைய டிஸ்க்கைத் துடைத்தான்.

லினக்ஸ் ஜம்மென்று ஏறியது. கடையில் வேலை செய்யும் டைப்பிஸ்ட் பெண் முதல் வினாத்தாளைத் திறந்தாள். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் கமாவும் டாலர் குறியும் கூத்தாடின. அத்தனை தாளும், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் வருவதற்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் அடித்தவை. அது இருந்தால்தான் தமிழ் தமிழாகத் தெரியும். அது டிஸ்க்கோடு போய்ச் சேர்ந்துவிட்டது. கடைக்கென்றே அதைச் செய்து கொடுத்த ஆளும் தொழிலை மூடிவிட்டு எங்கோ போய்விட்டான்.

கறுப்பு ஸ்கிரீன் கீழே போய், டயர்களுக்கு நடுவே நின்று அந்த எழுத்துருவைத் தேடிப் போனை நோண்டிவிட்டு வெறுங்கையோடு வந்தான். மன்னிப்புக் கேட்டானா? இந்தக் காலத்திலுமா பழைய எழுத்துரு என்று டைப்பிஸ்டுக்கு வகுப்பெடுத்தான். அவள் காதில் வாங்காமல் ஆசிரியர்கள் கையால் எழுதிக் கொடுத்த தாள்களை எடுத்து முதலிலிருந்து அடிக்கத் தொடங்கினாள். அவள் விரலுக்குப் பழகிய தட்டச்சு முறையையும் அவன் கொண்டுவரவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினாள். அவளுக்குக் கைகொடுக்கலாம் என்றால் கணினி மேதைக்குத் தமிழில் ஒரு வரி அடிக்கத் தெரியாது.

“அப்ப படிச்சாவது சொல்லுடா,” என்றாள் அக்கா. “வாய்க்கு ஒண்ணும் ஆகலையே.”

படித்தான். அதிலும் வேதியியல் தாளில் பாதியைத் தப்பாகப் படித்தான்.

இரண்டு பள்ளிகளுக்கு எப்படியோ கொடுத்து முடித்தார்கள். மூன்றாவதுதான் பெரிய பள்ளி, கடை வாடகையே அதில்தான் ஓடியது. கெடு தாண்டியதும் அந்தப் பள்ளி அலுவலகத்து ஆள் வந்து தாள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். இனி வரவேண்டாம் என்பதை மரியாதையாகவே சொன்னார்.

தேர்வு முடிந்தபின் தம்பி வந்தான். சேதி கேட்டு உச்சுக்கொட்டினான்.

“ஆனா ஒண்ணு சொல்லுக்கா. சிஸ்டம் ஒரு தடவையாவது தொங்குச்சா?”

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “தொங்கலடா. வேலை இருந்தாத்தான தொங்கும். அடுத்த மாசம் ரூமைக் காலி பண்றேன். இந்த சிஸ்டத்தையும் நீயே தூக்கிட்டுப் போயிடு.”

அவன் மேசையைச் சுற்றி வந்து பார்த்தான்.

“கீபோர்டும் சேர்த்தாக்கா?”