நீதிமன்றத்தில் ஒலிக்காத மணி

நீதிமன்ற ஒலிப்பதிவைக் கேட்டு, பேசியதைப் பேசியபடி எழுத்தில் இறக்கும் வேலைக்கு ஒரு சான்றிதழ் தேர்வு இருக்கிறது. அதில் தேறும்வரை எங்கள் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்தவை கோழித்தீவனக் கம்பெனிகளின் கூட்டங்கள்தான். முதல் முறை எழுதியபோது பாதியில் மின்சாரம் போயிற்று. இரண்டாம் முறையும் தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். வருடம் முழுக்கக் கோழி.

தேர்வு வீட்டிலிருந்தே, இணையத்தில். கண்காணிப்பாளர் ஒருவர் கேமரா வழியாகப் பார்ப்பார். வேறொருவர் குரல் கேட்டால் தேர்வு ரத்தாகலாம். ஆகவே முந்தைய நாளே பட்டியல் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். குக்கர் கூடாது. டிவி கூடாது. இருமல் வந்தால் குளியலறை. கடைசியாக, பதினொன்று: எதற்காகவும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "மீ போச்சுன்னா? அதுக்கு எத்தனாவது நம்பரு?" எங்கள் வீட்டில் மின்சாரத்துக்குப் பர்மியச் சொல்தான்.

"நாளைக்கு காலையில நம்ம தெருவுக்கு மீ வர்ற முறைதாம்மா."

"சரி, மூச்சு விடலாமா?"

"மெதுவா விடுங்க."

தேர்வில் வந்தது ஒரு லாரி ஓட்டுநரின் சாட்சியம். அவர் பிரேக்கை மிதித்ததைச் சொன்ன இடத்தில் மணி ஒலித்தது. பேச்சல்லாத ஓசையையும் குறிக்க வேண்டும் என்பது விதி. "(மணி ஒலிக்கிறது)" என்று எழுதினேன். வழக்கறிஞர் ஆட்சேபித்தார், மணி. நீதிபதி தொண்டையைச் செருமினார், மணி. பின்னால் ஓட்டிக் கேட்டேன். மணியே இல்லை. ஹெட்போனைக் கழற்றினேன். மணி எங்களுடையது.

எங்கள் பேட்டையான லான்மடாவில் லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். மேல்நுனியில் மணி, கீழ்நுனியில் கிளிப். கடைக்காரர் பையைக் கிளிப்பில் மாட்டி இழுப்பார். மேலேயிருந்து யாராவது குரல் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொள்வார்கள். அன்று யாரும் குரல் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாதென்று சுவரில் ஒட்டியிருந்தது. அதனால் அவர் இழுத்துக்கொண்டே இருந்தார்.

திரையில் கண்காணிப்பாளர் தோன்றினார். "யாராவது மணியடித்து உங்களுக்குச் சைகை காட்டுகிறார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை மேடம். அது கயிறு."

"கயிறா?"

"தெருவில் ஒருவர் இழுக்கிறார்."

"ஏன்?"

"நாங்கள் பேசாததால்."

துல்லியமான பதில்தான். அவருக்கு எதுவும் விளங்கவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டச் சொன்னார்.

பால்கனியில் அம்மா ஒரு விரலை உதட்டில் வைத்து, மறுகையைக் கீழ்நோக்கி வீசிக்கொண்டிருந்தார். தெருவில் எங்கள் மளிகைக்கடை பாய், கிளிப்பில் வெங்காயப் பை.

"என்னங்கம்மா கையை கையை ஆட்டுறீங்க?" என்று அவர் கத்தினார். "இழுத்து இழுத்து தோள்பட்டை போச்சு. வூட்ல எல்லாரும் மௌத்தாயிட்டீங்களா?"

அம்மா வாயைத் திறக்கவேயில்லை. என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

"அந்த மனிதர் விடை ஏதாவது சொன்னாரா?" என்றார் கண்காணிப்பாளர். இல்லை என்றேன். குறித்துக்கொள்வதாகச் சொல்லித் தேர்வைத் தொடரவிட்டார். முதல் இரண்டு மணிகளையும் அழித்தேன். மூன்றாவதை அவசரத்தில் விட்டுவிட்டேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. முடிவு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, தேர்வுப் பதிவில் கேட்கும் ஆண் குரல் சொன்னதைச் சொன்னபடியும் ஆங்கிலத்திலும் எழுதி அனுப்ப வேண்டும், தமிழ் தெரிந்தவரிடம் சரிபார்ப்பார்கள்.

"நல்லதா நாலு வார்த்தை போட்டு அனுப்பிடு" என்றார் அம்மா.

"சொன்னதத்தான் எழுதணும்."

"அப்ப நாம செத்துட்டோம்னு எழுதப் போறியா?"

"கேள்விக்குறி போட்டுத்தாம்மா எழுதுறேன்."

ஒரு சொல்லையும் மாற்றாமல் அனுப்பினேன். மௌத்து என்றால் மரணம் என்று அடிக்குறிப்பும் சேர்த்தேன். அடுத்த வாரம் பதில் வந்தது. குரலில் உதவி ஏதும் இல்லை. நீதிமன்ற ஒலிப்பதிவில் இல்லாத மணி ஒன்றுக்காக மதிப்பெண் குறைக்கப்பட்டது. தேர்ச்சி.

மாலையில் கடைக்குப் போய், அவருடைய சொற்களை ஒரு கமிட்டியே உட்கார்ந்து ஆராய்ந்ததை பாயிடம் சொன்னேன். அவர் தராசை விட்டுவிட்டு வந்தார்.

"நான் என்னம்மா சொன்னேன்? படி பாப்போம்."

படித்தேன்.

"அஸ்தஃபிருல்லா! மௌத்துன்னா சொன்னேன்? அப்படியெல்லாம் நான் பேசுற ஆளா? தூங்குறீங்களான்னுதான் கேட்டேன்."

"பதிவு இருக்கு பாய்."

"பதிவு தப்பா இருக்கும்."

தேர்வில் கேட்ட லாரி ஓட்டுநரும் தன் பழைய வாக்குமூலத்தைப் பற்றி இதையேதான் சொல்லியிருந்தார்.