முன்னாடியா, பின்னாடியா?

இது நடந்தது. நான் பொய் சொல்பவன்தான். அட்டெண்டன்ஸ் விஷயத்தில் கல்லூரியே சாட்சி சொல்லும். ஆனால் இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அப்பா ஐ.சி.யூ.வில் கிடந்தார். வயிற்றில் ஆபரேஷன், தொண்டையில் குழாய். இனி ஒரு கிருமி ஒட்டினாலும் தாங்க மாட்டார் என்று டாக்டர் கையை விரித்திருந்தார். அந்த வார்டின் தலைமை நர்ஸுக்கு 'தேச்சியா சிஸ்டர்' என்று பட்டப்பெயர். வணக்கம் சொன்னால்கூட, "கை தேச்சியா?" என்பதுதான் பதில். கை தேய்க்காமல் வந்த ஆஸ்பத்திரி டீனையே வாசலோடு திருப்பி அனுப்பியவர்.

மாலை ஐந்து பத்து. பார்வையாளர் நேரம். அப்பாவின் கட்டிலை ஒட்டிய சுவரில் கிருமிநாசினிப் பெட்டி. அடியில் கையை நீட்டினால் தானாகத் துப்பும்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ்கள் எல்லாரும் எதிர்க்கோடியில்.

அப்பாவின் போர்வை லேசாக விலகியது. நாடி பார்க்க யாரோ பிடித்ததுபோல மணிக்கட்டு எழுந்தது... மெல்லப் படிந்தது.

ழ்ழ்ழ்க்.

பெட்டி துப்பியது. தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

ஸ்பிரிட் வாசனை. உள்ளங்கைகள் உரசும் சத்தம்... சர்... சர்...

அப்பாவின் கண்கள் என் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்தன.

நான் திரும்பவில்லை. கழுத்து ஒத்துழைக்கவில்லை.

சர்... சர்...

நின்றது.

"சிஸ்டர்!"

தேச்சியா சிஸ்டர் ஓடி வந்தார். உளறிக் கொட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தம்பி, கை தேச்ச சத்தம், அப்பாவைத் தொடுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி..."

"முன்னாடி கேக்கவே இல்லையா?"

"இல்ல. ஏன் சிஸ்டர்?"

"பின்னாடி தேச்சா அது நமக்கு நல்லது. முன்னாடி தேச்சாதான் பேஷன்ட்டுக்கு."

அப்பாவின் மணிக்கட்டைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்.

முடிவு வந்தது: எந்த மருந்துக்கும் மசியாத கிருமி. நல்லவேளை, தோலோடு நின்றிருந்தது. தனி அறைக்கு மாற்றினார்கள். அப்பா பிழைத்தார்.

குழாயை எடுத்ததும் அவர் முதலில் கேட்டது அம்மாவை அல்ல, என்னையும் அல்ல.

"யாருடா அந்தச் சின்ன நர்ஸ்? தொடும்போதெல்லாம், 'நான் தேச்சேனே, எனக்கு எப்படி ஒட்டிச்சு'ன்னு கேக்குமே..."

தேச்சியா சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன்.

அந்தப் பழைய கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க வார்டு நர்ஸ் பொண்ணு ஒண்ணு. இதே கிருமி. உங்கப்பா படுத்திருந்த கட்டில்லதான் செத்துச்சு... கடைசி வரைக்கும் அதையேதான் கேட்டுட்டிருந்துச்சு."