டேப்பின் நுனியை மடித்து ஒட்டிய குணவதி அக்கா

போன வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். முகப்பேரில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கில் இருந்தபோது போன் வந்தது. பேசியது குணவதி அக்காவின் மருமகள். "செல்விக்கா, அத்த போய்ட்டாங்க. டீ போட்டுகினு இருந்தாங்க. தல சுத்துதுன்னு ஒக்காந்தாங்க. அவ்ளோதான்" என்றாள். என் கையில் ஒரு பெட்டி பாதி ஒட்டியபடி இருந்தது. அதை ஒட்டி முடித்தேன். டேப்பின் நுனியை ஒரு விரல் அளவு உள்ளே மடித்தேன். அதன் பிறகுதான் மேனேஜரிடம் போய் லீவு கேட்டேன். "சொந்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பதினாறாம் நாள் படம் திறக்கும்போது கொடுக்கும் தாளில் போட ஏதாவது எழுதித் தாங்க என்று மருமகள் கேட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களோடு பேக்கிங் பிரிவில் இருந்தவர்களுக்கும், கோவில்பதாகையில் அக்காவின் தெருக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவள். அக்கா அதுவும் இல்லை.

எங்கள் கம்பெனி வண்டிகளுக்குப் பித்தளை வால்வு செய்தது. நானும் அக்காவும் ஒரே மேசையில் பதினாலு வருடம் பெட்டி ஒட்டினோம். வெள்ளிக்கிழமை எல்லோரும் சைவம் கொண்டுவந்தால் அவர் கருவாடு கொண்டுவருவார். சூப்பர்வைசருக்கு அந்த வாசனை ஆகாது. அது தெரிந்துதான் கொண்டுவந்தார். பெட்டி ஒட்டும்போது டேப்பின் நுனியை மடித்துவிடுவதும் அவர் பழக்கம்தான். "பிரிக்கறவன் நகத்தால சொரண்டிகினு இருக்கணுமா? அவனும் நம்மள மாரி கூலிக்காரன்தானே" என்பார். டேப் வீணாகிறது என்று சூப்பர்வைசர் அவருக்கு ஒரு மெமோ கொடுத்தார். அக்கா அதை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த பெட்டியையும் அப்படியேதான் ஒட்டினார். அதற்கு முன்பே அவரைப் பார்த்து எனக்கும் அதே பழக்கம் வந்திருந்தது. வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை.

ஒருநாள் நான் ஒட்டி அனுப்பிய பெட்டியில் நாற்பது வால்வு குறைகிறது என்று வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. எச்.ஆர். சார் என்னை மேலே கூப்பிட்டார். போலீசுக்குப் போக வேண்டாம், நானாக வேலையை விடுவதாக ஒரு கடிதமும், நடந்ததற்கு மன்னிப்புக் கடிதமும் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. தண்ணீர்கூடக் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத ஆரம்பித்தேன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே வந்தார். "செல்வி, ஒன் மாமியாரு மாடிப்படில உருண்டுட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்னு போய்கீறாங்க. ஓடியா!" என்றார். என் மாமியார் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. சாவுக்கு மாலை போட்டவரே அக்காதான். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்து இழுத்தார். மேசைமேல் இருந்த தாளையும் எடுத்துக்கொண்டார். எச்.ஆர். சார் "பாவம், போங்கம்மா, நாளைக்கு எழுதிக்கலாம்" என்றார்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் அக்கா திட்டினார். "ஒன் கையெழுத்து இன்னா, கோயில் சுண்டலா? கை நீட்டனவனுக்கெல்லாம் குடுப்பியா? திருடினியா நீ?"

"இல்லக்கா."

"அப்ப இன்னாத்துக்குடி மன்னிப்பு?"

எனக்குப் பயம் வேலை போவதில் இல்லை. வேறு கம்பெனியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எஸ்டேட்டில் பேச்சு ஒரு கேட்டிலிருந்து அடுத்த கேட்டுக்குப் போய்விடும். திருடி என்ற பேரோடு வெளியே வந்தால் அந்தப் பேர் கொரட்டூரில் என் வீட்டு வாசல் வரைக்கும் வரும். அதுதான் பயம்.

மறுநாள் நான் எழுதமாட்டேன் என்றதும் எச்.ஆர். சாரே ஒரு வக்கீலின் பெயரைச் சொன்னார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர், என்னிடம் ஒன்றும் வாங்கமாட்டார், நல்லபடியாக முடித்துத் தருவார் என்றார். எனக்குச் சந்தோஷம். அக்காவுக்கு இல்லை. ஆனாலும், "பாத்துட்டு வரலாம் வா, பாக்கறதுக்கு இன்னா?" என்று ஷிப்ட் முடிந்ததும் கூடவே வந்தார்.

அந்த வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். "கோர்ட்டுக்கு அலைஞ்சு என்னம்மா காணப் போறீங்க? கௌரவமா வெளியே வந்துடுங்க" என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பின்னால் இருந்த பீரோவின் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. பேர் எதுவும் போடாத வெறும் பெட்டி. ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனி வெளியாட்களுக்குப் பாத்திரமும் இனிப்பும் கொடுக்கும். அதையும் நாங்கள்தான் கட்டுவோம். அந்தப் பெட்டியின் டேப் நுனி உள்ளே மடித்திருந்தது.

"சார், எங்க கம்பெனிக்கு எத்தினி வருசமா பாக்கறீங்க?" என்று அக்கா கேட்டார்.

"அப்படியெல்லாம் இல்லம்மா. நான் பொதுவான ஆளு."

"அந்தப் பொட்டிய ஒட்டனது நாங்க சார்."

அவர் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். "அப்பப்ப யோசனை கேப்பாங்க. அதனால என்னம்மா?" என்றார். அக்கா எழுந்து கும்பிட்டார். "ஒண்ணுமில்ல சார். பொட்டியில இனிப்பு இருந்தா எறும்பு வந்துரும், பாத்துக்கோங்க." கீழே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார்: "அவுரு கெட்டவரு இல்ல. ஆனா அவுங்க உப்பத் தின்னவரு. ஒனக்கோசரம் எப்டி கொரைப்பாரு?"

அடுத்து முகப்பேரில் இன்னொரு வக்கீலிடம் போனோம். வாசலில் கட்சிக் கொடி கட்டிய வண்டி நின்றது. நான் கொண்டுபோன தாள்களை அவர் தொடவே இல்லை. "நூத்துக்கு நூறு ஜெயிக்கிறோம். அவனை நடுங்க வெக்கிறேன் பாருங்க" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அக்கா வெளியே வந்து, "பட்ச்சுப் பாக்காமயே பாஸ் போட்றாரே, இவுரு இன்னா வாத்தியாரு?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இப்படி எல்லோரையும் வேண்டாம் என்றால் நான் எங்கே போவேன் என்று நடுரோட்டில் கேட்டேன். "பொடவை எடுக்கப் போனா பத்துக் கடை ஏறி எறங்குவே. இதுக்கு மூணு ஏறமாட்டியா?" என்றார்.

மூன்றாவது, ஆவடியில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த வக்கீல் அம்மா. எங்களைப் போல வேலை பிரச்சினையோடு போன ஒரு பெண் சொல்லி அக்காவுக்குத் தெரியும். அந்த அம்மா என் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வேலைக்குச் சேர்ந்த கடிதம், இதற்குள் கம்பெனி கொடுத்திருந்த புகார் நோட்டீஸ் எல்லாவற்றையும் வாங்கி அரை மணி நேரம் படித்தார். பிறகு நேராகக் கேட்டார், "நீங்க எடுத்தீங்களா?" நான் அழுதுவிட்டேன். "நான் கேக்கலேன்னா விசாரணைல கேப்பாங்க. அங்க அழக்கூடாது" என்றார்.

அக்கா அவரையும் விடவில்லை. "நீங்க கம்பெனிக்காரங்க கேஸ் எட்ப்பீங்களாம்மா?"

"ஜூனியரா இருந்தப்ப எடுத்திருக்கேன். இப்ப இல்ல. உங்க கம்பெனிக்கு எப்பவும் இல்ல."

"ஜெயிச்சுருவோமா?"

"தெரியாது. நாளாகலாம். தோக்கவும் வாய்ப்பிருக்கு."

படியிறங்கும்போது அக்கா, "இவுங்கதான்" என்றார். எனக்குப் புரியவில்லை. தெரியாது என்று சொல்கிறவரிடம் என்னைக் கொடுக்கிறாரே என்று நினைத்தேன். "தெரியாதத தெரியாதுங்கறாங்க. அப்ப தெரியும்னு சொல்றது நெசமா இருக்கும்" என்றார். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு பல இடங்களில் சோதித்துப் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது.

இனி நீங்களாக எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள், எதைக் கேட்டாலும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள் என்றார் வக்கீல் அம்மா. கம்பெனிக்கு அவரே பதில் எழுதினார். கம்பெனி உள்ளேயே விசாரணை வைத்தது. அதற்குள் வக்கீலை விடமாட்டார்கள். கூட வேலை செய்கிறவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். பிரிவில் பதினோரு பேர் இருந்தோம். யாரையும் குறை சொல்லவில்லை, எல்லோருக்கும் வீடு இருக்கிறது. அக்கா மட்டும் வந்தார். அவர் ரிட்டையர் ஆக இரண்டு வருடம் இருந்தது.

குறைந்த பெட்டியின் போட்டோவைத் தரும்படி வக்கீல் அம்மா முன்பே எழுதி வாங்கியிருந்தார். அதில் டேப் விளிம்போடு விளிம்பாக ஒட்டியிருந்தது. நுனியில் மடிப்பு இல்லை. எங்களை விட்டுப் போன பிறகு யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள் என்று அக்கா சொன்னார். விசாரிக்க வந்தவர், "நுனியை மடிக்கணும்னு ரூல் இருக்கா? நீங்க மடிப்பீங்கன்றதுக்கு என்ன சாட்சி?" என்று கேட்டார்.

"ரூல் இல்ல சார். மடிக்காதேன்னு எனக்கு மெமோ குட்த்துகீறாங்க. இவளும் அத்தையே செய்றான்னு அதுலயே எழுதிகீது. கையெழுத்து தோ ஒக்காந்துகீறாரே, சூப்பர்வைசரு, அவுரோடது" என்று ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். சூப்பர்வைசர் தாளைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார்.

யார் பிரித்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. என்மேல் போட்ட குற்றத்தைக் கம்பெனி எழுத்தில் திரும்ப வாங்கிக்கொண்டது. அங்கே இருக்க எனக்கு மனசில்லை. வக்கீல் அம்மா பேசி, எனக்கு வரவேண்டிய பணத்தோடு, நடத்தை நன்று என்று எழுதிய சர்வீஸ் சர்டிபிகேட்டும் வாங்கிக் கொடுத்தார். அதைக் காட்டித்தான் இந்த மருந்துக் கிடங்கில் சேர்ந்தேன்.

அக்காவை அடுத்த மாதமே முலாம் பூசும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஆசிட் நெடி அதிகம். ரிட்டையர் ஆகும்வரை அங்கேதான் இருந்தார். வக்கீல் அம்மாவிடம் போவோம் என்று நான் கூப்பிட்டேன். "ரெண்டு வருசம்தானே, வுட்ரு" என்றார். அதைப் பற்றி என்னிடம் குறையாகப் பேசியதில்லை. ஒரே ஒருமுறை, அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, "மூக்கு செத்துப்போச்சுடி. கருவாடு வாசனயே தெர்ல" என்றார். சொல்லிவிட்டு எனக்கு இன்னும் ஒரு துண்டு வைத்தார்.

வியாழக்கிழமை கோவில்பதாகையில் அவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அக்கம்பக்கம் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. மாலை போட்டுவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். என் மாமியாருக்கு அவர் போட்ட மாலையும் சம்பங்கிதான் என்று ஞாபகம் வந்தது.

அவர் கொடுத்தது என்று என்னிடம் இருப்பது இரண்டு. ஒன்று, டேப்பின் நுனியை மடிக்கும் இந்த விரல் பழக்கம். இன்னொன்று, அன்றைக்கு அவர் மேசையிலிருந்து எடுத்துவந்த தாள். சர்டிபிகேட்டோடு அதே பையில் வைத்திருக்கிறேன். என் கையெழுத்தில், மூன்றரை வரி இருக்கிறது. "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் சொந்த விருப்பத்தின் பேரில், நான்" என்பதோடு நிற்கிறது. அந்த இடத்தில்தான் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.